நான்கு பேரை இழந்த அணி

கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் உள்ள சிறிய ஊர் ஸ்விஃப்ட் கரண்ட். 1974ல் லெத்பிரிட்ஜ் நகருக்குப் போய்விட்ட பிரான்கோஸ் ஐஸ் ஹாக்கி அணி, 1986ல்தான் ஊருக்குத் திரும்பி வந்தது. 16 முதல் 20 வயது வரையுள்ள பையன்கள் ஆடும் வெஸ்டர்ன் ஹாக்கி லீக் அது. ஊரே கொண்டாடியது.

அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. 1986 டிசம்பர் 30 அன்று ரெஜைனாவில் ஆட்டம். ஊரைத் தாண்டிய சற்று நேரத்தில், உறைபனி படிந்த சாலையில் பேருந்து சறுக்கிக் கவிழ்ந்தது. பின்பக்கம் சீட்டாடிக் கொண்டிருந்த டிரென்ட் கிரெஸ்ஸி, ஸ்காட் குரூகர், கிறிஸ் மான்டிகா, பிரென்ட் ரஃப் நால்வரும் இறந்தனர்.

ஆட்டத்தைத் தொடர்வதா, பருவத்தைக் கைவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. அணி தொடர்ந்து ஆடியது. நான்கு இலை கொண்ட சின்னத்தைச் சட்டையில் அணிந்து ஆடிய அவர்கள் பிளேஆஃப் சுற்றுக்கும் தகுதி பெற்றார்கள். விபத்தில் தப்பிய 17 வயது ஜோ சாகிக் அந்தப் பருவத்தில் மட்டும் 60 கோல் அடித்தார்! 1989ல் அணி மெமோரியல் கோப்பையையே வென்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த அணியின் பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸ், தன்னிடம் பயின்ற பையன்களைப் பாலியல் கொடுமை செய்ததாக 1997ல் தண்டனை பெற்றார். அதை வெளியே சொன்ன ஷெல்டன் கென்னடியும் அன்று அந்தப் பேருந்தில் இருந்தவர்தான். விபத்தின் துக்கத்தை ஊர் முழுவதும் பகிர்ந்து கொண்டது. இந்தத் துக்கத்தையோ பையன்கள் தனியாகவே சுமந்தார்கள்.

லீகின் சிறந்த வீரருக்கான கோப்பை இன்றும் அந்த நால்வரின் நினைவாகவே வழங்கப்படுகிறது.