வெந்துச்சு, நொந்துச்சு: வார்டுல கேக்குற ரெண்டு பழைய வினைச்சொல்

பட்டாசு ஊர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில டியூட்டி பாக்குற எந்த டாக்டருக்கும் பழகின ரெண்டு வாக்கியம்: "கை வெந்துருச்சு சார்", "ரொம்ப நோகுது சார்". இந்த ரெண்டு வினைக்கும் தமிழ் எழுத்தைவிட வயசு அதிகம். அதைப் பத்தி ஒரு இழை.

'வேகுது'ன்னு நெடிலா சொல்றோம். நடந்து முடிஞ்சா ஏன் 'வெந்துச்சு'ன்னு குறிலாகுது? நோகுது, நொந்துச்சு. அதே கதை.

தமிழ் மட்டும் இப்படின்னா தற்செயல்னு விட்டுடலாம். மலையாளத்துலயும் வெந்து, நொந்து. கன்னடத்துல வ, ப ஆகி 'பெந்து', கூடவே 'நொந்து'. மூணு மொழியும் தனித்தனியா ஒரே குறுக்கலைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. பிரியுறதுக்கு முன்னாடியே இருந்திருக்கணும். எந்தக் கல்வெட்டுலயும் கிடைக்காத அந்த மூல வடிவத்தை மொழியியல்காரங்க நட்சத்திரக் குறி போட்டு எழுதுவாங்க: *வே, *நோ. 'ஊகிச்சு மீட்டது'ன்னு அர்த்தம். ராஜபாளையத்துல வீட்டுல தெலுங்கு பேசுறவங்க வலியை 'நொப்பி'ன்னு சொல்றாங்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

இந்த மொழிகளை ஒரே குடும்பமா வெச்சு கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்டது 1856ல. அவர் இருந்தது இடையன்குடி. அப்போ சிவகாசியும் அதே திருநெல்வேலிச் சீமைதான். பரோவும் எமனோவும் சொல் சொல்லா அடுக்கின திராவிட வேர்ச்சொல் அகராதி வந்தது 1961ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நன்னூல் கணக்கு. ஒரே எழுத்துல நிக்கிற சொல் 42ன்னு சொல்லுது. 40 நெடில், ரெண்டே ரெண்டு குறில்: 'து', 'நொ'. நொ-ன்னா வருந்து!

வேகுது, நோகுதுல வர்ற 'கு' பிற்பாடு ஒட்டினது. நிகழ்காலம் காட்டுற 'கிறு'வும் சங்க காலத்துக்கு அப்புறம்தான் பரவலாச்சு. அதுக்கு முன்னாடி முடிஞ்சது, முடியாதது, அவ்வளவுதான். இறந்தகாலத்தை மட்டும் யாரும் தொடலை. 'வேகினது'ன்னு ஒருத்தரும் சொல்றதில்ல.

வார்டுல இந்த ரெண்டு வினையும் சேர்ந்தே வரணும். மேல்தோல் வெந்தா கடுமையா நோகும். தோல் முழு ஆழத்துக்கும் வெந்தா நரம்பு முனைகளும் போயிடும், அந்த இடத்துல வலி தெரியாது. "வெந்துச்சு, ஆனா நோகல"ன்னு யாராவது சொன்னா, வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க.