‘அமோக்’: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் 1846ஆம் ஆண்டின் பினாங்கும்

வகுப்பறையில் பிள்ளைகள் அடங்காது ஓடியாடினால் ஆங்கிலத்தார் ‘ரன் அமோக்’ என்பர். விலைவாசி தாறுமாறாக ஏறினாலும் அதே தொடர்தான். ‘கட்டுமீறித் திரிதல்’ என்று நாமும் பொருள் எழுதித் தருகிறோம். ஆங்கில மரபுத்தொடர் என்று நாம் கற்பிக்கும் இதன் வேர், நம்மோடு ஒரே தெருவில் வாழும் மலாய் மக்களின் மொழியில் உள்ளது.

மலாயில் அமுக் என்பது வெறிகொண்டு, எதிர்ப்பட்டோரையெல்லாம் தாக்குவதாகும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசா சாவகத்தாரைப் பற்றி எழுதுகையில் இதனைக் குறித்தார். 1687இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் கையாண்டபோது ‘மக்’ மட்டுமே எஞ்சியிருந்தது. சொல்லின் முதல் அகரத்தை ஆங்கிலேயர் ‘ஒரு’ என்னும் பொருள்தரும் தம் சொல்லாகக் கருதிவிட்டனர். போதாக்குறைக்கு, டிரைடன் அதனை ‘இந்திய’ வழக்கமாகவும் ஆக்கினார்!

இச்சொல்லின் முழுக்கனத்தையும் நம் ஜோர்ஜ்டவுன் கண்டது 1846 ஜூலை 8ஆம் நாளில். சுனான் என்னும் மலாய்க்காரர் வீடு கட்டும் தொழிலாளி. நல்லவர் எனப் பெயர் பெற்றவர். மனைவியையும் குழந்தையையும் அண்மையில் இழந்திருந்தார். அன்று அவர் நகரில் பலரைத் தாக்கினார். மாண்டோருள் ஒரு மூதாட்டியும் ஒரு சீனச் சிறுவனும் இருந்தனர்; தந்தையின் கையிலிருந்த மூன்று வயதுத் தென்னிந்தியப் பெண்குழந்தையும் இருந்தது. அக்குழந்தையை ஆவணம் ‘கிளிங்’ என்றே குறிக்கிறது. நம்மவரை அந்நாளில் அழைத்த பெயர் அது.

13ஆம் நாள் விசாரணை. 15ஆம் நாள் தூக்கு. குழந்தை இறந்தபின் அவர் மனம் பேதலித்திருந்ததாக, அவரோடு பழகிய ஒருவர் சான்றுரைத்தார். நீதிபதி சர் வில்லியம் நாரிஸின் தீர்ப்புரையோ ஒரு மனிதரின் துயரத்தை விடுத்து, அவருடைய இனத்தையும் சமயத்தையும் சாடியது. ஒருவர் செய்த குற்றம் ஓரினத்தின் இயல்பாக எழுதப்பட்டதை நாம் இங்கே காண்கிறோம். சிங்கப்பூர் மனநல மருத்துவமனையை நடத்திய கில்மோர் எல்லிஸ் 1893இல் இதனை மருத்துவ நோக்கில் ஆராய்ந்து எழுதியபோதும், கட்டுரைத் தலைப்பு ‘மலாய்க்காரரின் அமோக்’ என்றே அமைந்தது.

‘கட்டுமீறித் திரிதல்’ என்னும் பொருள் பிழையன்று. இன்றைய ஆங்கில வழக்கு அதுவே. ஆயினும் மலாய் நாளிதழில் ‘மெங்அமுக்’ என்று கண்டால், இன்றும் நாம் முதலில் தேடுவது உயிர்ச்சேதத்தைத்தான். இத்தொடரைக் கற்பிக்கும் நாளில், பொருளோடு சுனானின் கதையையும் அக்குழந்தையின் கதையையும் பத்து நிமிடம் சொல்லலாம் என்பது எம் கருத்து.