கோயில் சங்கு எந்தக் கடலில் பிறந்தது?

சைனாடவுனில், சீனர் கடைகளுக்கு நடுவே கோபுரத்தோடு நிற்கிறது ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-ல் எழுப்பிய கோயில் இது. சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயிலும் இதுதான்.

இது போன்ற கோயில்களில் பூஜைக்கு ஊதும் சங்கு, சங்காபிஷேகத்துக்கு வரிசையாக வைக்கும் 108 சங்கு, இவையெல்லாம் எந்தக் கடலில் பிறந்தவை? சிங்கப்பூர்க் கடலிலா? இல்லை நேயர்களே! பூஜைச் சங்கு என்பது ஒரு கடல் நத்தையின் ஓடு. அந்த நத்தையின் தாய்வீடு இந்திய, இலங்கைக் கடலோரம். அதிலும் பேர்பெற்றது தூத்துக்குடி, கீழக்கரையை ஒட்டிய மன்னார் வளைகுடா.

மணலில் புழுக்களைத் தின்று வாழும் இந்த நத்தை, உயிரோடு இருக்கும்போது பால் வெள்ளையாக இருக்காது. பழுப்புத் தோல் மூடியிருக்கும். மூச்சைப் பிடித்து மூழ்கி அதை எடுத்தவர்கள் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள். கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய தொழில்!

டச்சுக்காரர்களும் பிறகு ஆங்கிலேயரும் அதைத் தங்கள் ஏகபோகமாக்கினார்கள். எடுத்த சங்கை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். குளித்தவனுக்குக் கூலி மட்டும்தான். சங்கு வங்கத்துக்குக் கப்பலேறி, டாக்காவிலும் கல்கத்தாவிலும் மணமான பெண்களின் வளையலானது. 1914-ல் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்வள அதிகாரி இந்தத் தொழிலைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் பரவும். சங்குக் குஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆட்டுக்கிடா கொம்பு போல முறுக்கிய முட்டைக் கூட்டுக்குள்ளேயே வளர்ந்து, சின்னச் சங்காகவே வெளியே வந்து, பிறந்த இடத்திலேயே ஊர்ந்து வாழும். ஓரிடத்தில் சங்கை வழித்து எடுத்துவிட்டால், வேறிடத்துக் குஞ்சு மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது. அதனால்தான் குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய சங்கைக் கடலிலேயே விட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே விதி வைத்தார்கள். குளிப்பவர் கை பொறுக்கி எடுக்கும். இழுவை மடிக்குச் சிறிது பெரிது தெரியுமா?

பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டவும் சங்கு, இறந்தவருக்கு ஊதவும் சங்கு. கடல் தாண்டிக் குடியேறிய தமிழர் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு சங்குக்குள்ளும் ஓர் உயிர் குடியிருந்தது. அதை எடுக்க ஒருவர் மூச்சை அடக்கினார். பழைய சங்கு ஒன்று வீட்டில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்வோம். புதிது வாங்குமுன் ஒரு கணம் யோசிப்போம்.