மலையகத் தமிழ்த் திருச்சபையும் நன்றியுணர்வும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுக் கிறித்தவ வரலாறு என்றதும் நினைவுக்கு வருவன கற்கோயில்களே. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயமும் (1852), டிக்கோயாவின் வார்லி ஆலயமும் (1878) அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. எனினும், இவ்வாலயங்களை எழுப்பியோர் தோட்டத்துரைமாரும் அவர்தம் சமூகத்தினருமேயாவர். லயத்து அறையிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி தன் விசுவாசத்தை எங்ஙனம் பேணினான் என்பது தனித்து ஆராயப்படவேண்டியதொன்றாகும்.

1854ஆம் ஆண்டில், கோப்பித் தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியாலும் சேர்ச் மிசனரிச் சங்கத்தின் ஆதரவாலும் 'தமிழ்க் கூலி மிசன்' தோற்றுவிக்கப்பட்டது. மேற்பார்வையாளரான மிசனரியைச் சங்கம் பராமரித்தது. உபதேசியார்களுக்கான செலவைத் துரைமார் ஏற்றனர். உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். மிசனின் பெயர் தொழிலாளரைக் 'கூலி' என இழிவுபடுத்தியதாயினும், அவர்களிடையே பணிபுரிந்தோர் அவர்களின் மொழியையும் ஊர்வழக்கையும் அறிந்த தமிழரே. பிற்காலத்தில் அவ்விழிசொல் மிசனின் பெயரினின்றும் நீக்கப்பட்டது.

கோப்பிக் காலத்தில் நிலையான சபையொன்றை வளர்த்தல் எளிதாக இருக்கவில்லை. அறுவடை முடிந்ததும் தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையைப் படிப்படியாக அழித்தது. 1880களில் அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்யவேண்டியிருந்தமையால் தொழிலாளர் குடும்பமாகத் தங்கினர். அதனால் ஞானஸ்நானமும் திருமணமும் நல்லடக்கமும் ஒரே தோட்டத்தில் நிகழும் சபைவாழ்வு சாத்தியமாயிற்று.

இவ்விடத்து 'நன்றி' என்னும் சொல் இரு பொருள் கொண்டு நிற்றலைக் காணலாம். பெரட்டுக் களத்திலே பணிவுடன் நிற்கும் தொழிலாளியை விரும்பிய முதலாளிக்கு, நன்றி என்பது கீழ்ப்படிதலின் மறுபெயர். விசுவாசிக்கோ அது இறைவனுக்கு மட்டுமே உரியதொரு கடன். சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஆலயத்துக்கென எடுத்துவைத்தல் திருநெல்வேலித் திருச்சபையில் வேரூன்றிய வழக்கமாகும். அம்மரபில் வளர்ந்தோர், கூலியிற் கழிக்கப்பட்ட அரிசியிலும் ஒரு பங்கு தம் விருப்பப்படி கொடுப்பதற்குரியது எனக் கருதியிருப்பரெனின், அச்சிறு கொடையே அவர்தம் சுதந்திரத்தின் வெளிப்பாடு எனலாம்.

பக்தி எழுத்தறிவையும் உடன்கொணர்ந்தது. தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு வகைசெய்யும் சட்டம் 1907இலேயே வந்தது. அதற்கு முன்னரே மிசன் பள்ளிகள் சில தோட்டங்களில் இயங்கின. வேதத்தை வாசிக்கக் கற்றவன் தன் கடனைக் குறித்த துண்டையும் வாசிக்கலானான். தொழிலாளியைக் கடனாற் பிணித்த அத்துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அவ்வொழிப்பைத் திருச்சபையின் சாதனையெனக் கூறுதல் மிகையாகும். ஆயினும், எழுத்தறிவு தொழிலாளிக்குத் தன் நிலையை உணரும் கண்ணைத் தந்தது என்பதை மறுத்தற்கில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும் மலையக மக்கள் சிதறுண்டனர். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. துரைமாரின் ஆதரவு மறைந்தது. எனினும், மலையகத் தமிழ்ச் சபைகள் மறையவில்லை. துரையின் பணத்தால் தொடங்கிய மிசன், தொழிலாளரின் காணிக்கையால் வாழும் திருச்சபையாயிற்று. யாருக்கு நன்றி செலுத்தவேண்டும் என்பதை அம்மக்கள் தெளிவாக அறிந்திருந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.