ஒன்பது எருதுகளில் ஒரு மயிர்

‘மாவோ’ என்றால் நமக்கு மாவோ சேதுங்தான் ஞாபகத்துக்கு வருவார். அவருடைய குடும்பப் பெயரை எழுதும் சீன எழுத்துக்குப் பொருள் என்ன தெரியுமா? மயிர்! மிருகங்களின் ரோமம், நம் உடம்பின் ரோமம், பறவையின் இறகு எல்லாம் அதற்குள் அடங்கும். தலைமுடிக்கு மட்டும் வேறு எழுத்து இருக்கிறது.

நான்கே கோடுகள். வெண்கலப் பாத்திரங்களில் பொறித்த பழைய காலத்தில், நடுவே ஒரு தண்டும் இரு பக்கமும் இழைகளுமாக அது படமாகவே இருந்தது. கம்பளிச் சட்டைக்கும் எழுதும் தூரிகைக்கும் பெயர் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. ஒன்றும் விளையாத தரிசை ‘மயிர் முளைக்காத நிலம்’ என்பார்கள்.

ஆனால் இந்த எழுத்தைத் தன் உயிரோடு சேர்த்து எடைபோட்ட ஒருவர் இருந்தார். அவர் சிமா சியென், ஹான் அரசவையின் வானியல் அதிகாரி, வரலாற்றாசிரியர்.

கி.மு. 99இல் லீ லிங் என்ற தளபதி 5,000 காலாட்படையினருடன் போய், சியோங்னு குதிரைப்படையிடம் தோற்றுச் சரணடைந்தார். அவையில் எல்லோரும் தூற்ற, சிமா சியென் அவருக்காகப் பரிந்து பேசினார். பேரரசர் வூவுக்குக் கடும் கோபம். மரண தண்டனை! பணம் கட்டினால் தப்பலாம், அவரிடம் பணமில்லை. மிச்சமிருந்த வழி, ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்பது.

மானமுள்ளவர்கள் அதைவிடத் தற்கொலையே மேல் என்று நினைத்த காலம் அது. மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவைப் பாடசாலையில் படித்த நமக்கும் அப்படித்தான் தோன்றும். அவரோ அவமானத்தைத் தெரிவுசெய்தார். தந்தை சிமா தான் தொடங்கிவைத்த வரலாற்று நூல் இன்னும் முடியாமல் கிடந்தது.

பிறகு, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நண்பர் ரென் ஆனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அன்று தான் செத்திருந்தால் அது ஒன்பது எருதுகளின் உடம்பிலிருந்து ஒரு மயிர் உதிர்ந்தது போலத்தான், எறும்பு செத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இருந்திருக்காது என்கிறார். சாவு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒருவருடைய சாவு தைஷான் மலையைவிடக் கனக்கலாம், இன்னொருவருடையது காட்டு வாத்தின் இறகைவிட இலேசாகலாம் என்றும் எழுதுகிறார். அந்த இறகுக்கும் இதே எழுத்துத்தான். அவர் சாவுக்குப் பயந்தவராக நமக்குத் தெரியவில்லை. வீணான சாவுக்கு உடன்படாதவர், அவ்வளவுதான்.

நூல் 130 அத்தியாயங்களாக முடிந்தது. பின்வந்த சீன வரலாற்றாசிரியர்கள் அதையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். மிக அற்பமானதைச் சொல்ல ‘ஒன்பது எருது, ஒரு மயிர்’ என்பது இன்றும் சீனர் வாயில் இருக்கிறது. 1944இல் கரிச்சூளை இடிந்து இறந்த ஒரு சாதாரணப் படைவீரருக்கான இரங்கல் கூட்டத்தில், சிமா சியெனின் பெயரைச் சொல்லி மலையையும் இறகையும் எடுத்துக்காட்டிப் பேசியவர், அந்த எழுத்தையே பெயராகக் கொண்ட மாவோ.