கேபிள் இல்லாத இணைப்பு: ஹவாயில் தொடங்கிய கதை

வீட்டில் பாடக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியை ரூட்டரோடு இணைக்க, வீடு முழுக்கக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வைஃபை பிரிட்ஜ் வைத்தால் போதும். மீதித் தூரத்தை வானொலி அலை பார்த்துக்கொள்ளும். இந்த வழி எங்கே தொடங்கியது தெரியுமா?

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிளைகள் பல தீவுகளில் இருந்தன. பெரிய கணினியோ ஹோனலுலுவில். தொலைபேசிக் கம்பியை நம்பினால் செலவு அதிகம். அதனால் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் அலோஹாநெட்டை வானொலி அலையில் இயக்கினார்கள். வேகம் நொடிக்கு 9,600 பிட்தான். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேகத்தை இல்லை, அதன் விதியை. கணினிக்கு அனுப்ப எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. நினைத்த நேரத்தில் அனுப்பலாம். இரண்டு செய்திகள் மோதிக்கொண்டால் பதில் வராது. கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பணும். காத்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். வகுப்பில் எல்லாரும் ஒன்றாகக் கத்தி விடை சொல்வது மாதிரிதான்! கணக்குப்படி, இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் சுமார் 18 விழுக்காடுதான் அதிகபட்சம் பயன்படும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கம்பியில்லா யோசனையை வைத்துத்தான் 1973இல் ராபர்ட் மெட்காஃப் கேபிள் வழியான ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினார். வைஃபைக்கான 802.11 தரம் 1997இல் வந்தது. வைஃபை கருவி முதலில் காதுகொடுத்துக் கேட்கும், அலைவரிசை சும்மா இருந்தால்தான் அனுப்பும். என்றாலும் அலைவரிசை இன்னமும் பொதுச்சொத்துதான். மடிக்கணினியும் சேமிப்புப் பெட்டியும் ஒரே வைஃபையில் இருந்தால், ஒரு கோப்பு ரூட்டருக்கு ஒரு தடவை, அங்கிருந்து பெட்டிக்கு இன்னொரு தடவை என்று காற்றில் இருமுறை போகணும். வேகம் பாதியாகக் குறைவது அதனால்தான்.