ஊர்காவலில் இருந்து பண்ணைக்கு: வன்னியின் முன்னாள் போராளிகளும் சிவில் பாதுகாப்புத் திணைக்களமும்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியில் விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. 2009 ஜனவரி 21 அன்று இராணுவம் பொதுமக்களுக்கென அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்கு இந்த ஊரின் சந்தியே ஓர் எல்லை. சந்தியில் இருந்து மஞ்சள் பாலம் வரை, வீதிக்கு வடக்கே 35 சதுர கிலோமீற்றர் நிலம். சுதந்திரபுரம், தேவிபுரம், வள்ளிபுனம் எல்லாம் அதற்குள் அடங்கின. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. பாடசாலையில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையும் தப்பவில்லை. பெப்ரவரியில் சனம் மாத்தளன் பக்கம் நகர்ந்துவிட்டது.

மீள்குடியேற்றத்துக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் இதே வீதியோரக் கிராமங்களில் ஒரு புதுக் காட்சி தெரிந்தது. புலிகள் இயக்கத்தில் இருந்து, தடுப்புக்குப் போய், புனர்வாழ்வு பெற்று வந்தவர்கள் பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள். சேர்ந்த இடம் சிவில் பாதுகாப்புத் திணைக்களம். ஊர்வழக்கில் ‘சி.எஸ்.டி.’ புலிகளிடம் இருந்து எல்லைக் கிராமங்களைக் காக்கவென்று உருவான ஓர் அமைப்பு, முன்னாள் புலிகளுக்கே வேலை கொடுக்கும் இடமாக மாறியது எப்படி? ஒரு படையில் சேவை செய்தவர் இன்னொரு படையில் சேரும்போது அவருடைய பழைய சேவைக்கு என்ன கணக்கு? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது.

கணக்கில் எடுக்கப்பட்ட சேவை

இலங்கையின் முப்படைகளும் வேறு படைகளில் இருந்து வந்தவர்களைக் கொண்டே எழுந்தவை. 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் கீழ் நிரந்தர இராணுவம் அமைந்தபோது, இலங்கைப் பாதுகாப்புப் படையில் தொண்டர்களாக இருந்தவர்களே அதன் முதல் அதிகாரிகள். அன்ரன் முத்துக்குமாரு தொழிலால் சட்டத்தரணி. 1934இல் இலங்கை இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தவர், 1949இல் நிரந்தரப் படைக்கு வந்தார். 1955இல் இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதியானார். கடற்படையை 1960 முதல் 1970 வரை நடத்திய ராஜன் கதிர்காமரும் கடற்படைத் தொண்டர் அணியில் இருந்து மேலே வந்தவர். விமானப்படையின் முதலாவது இலங்கைத் தளபதி றொஹான் அமரசேகர, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்.

இவர்களில் இருவர் தமிழர் என்பதை இன்றைய தலைமுறைக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1956க்குப் பிறகும், குறிப்பாக 1962 ஜனவரியின் சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகும், படைகளுக்குள் தமிழர் சேர்வது வேகமாகக் குறைந்தது. நமக்கு இங்கே வேண்டியது இவ்வளவுதான்: மாறி வந்தவரின் முன்னைய ஆண்டுகள் அன்று தகுதியாக எண்ணப்பட்டன. தொண்டர் படையில் கற்றது நிரந்தரப் படையில் பதவியாயிற்று.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. புலிகள் 1991இல் தமிழீழக் காவல்துறையைத் தொடங்கியபோது அதன் பொறுப்பாளரான பா. நடேசன் இலங்கைப் பொலிசில் கொன்ஸ்தாபிளாக இருந்தவர். அரசிடம் கற்ற தொழில், அரசை எதிர்த்த நிர்வாகத்துக்குப் பயன்பட்டது. இயக்கத்துக்குள்ளும் ஒருவர் படையணியில் இருந்து அரசியல்துறைக்கோ நிதித்துறைக்கோ மாற்றப்படுவது வழமை. காயப்பட்டவர்கள் நிர்வாக வேலைகளுக்குப் போனார்கள். இடம் மாறினாலும் இயக்கத்தில் இருந்த காலம் அவருக்கு மதிப்பாகவே நின்றது.

பண்ணையில் தொடங்கிய ஊர்காவல்

சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் வேரைத் தேடினால் 1984க்குப் போகவேண்டும். அதுவும் இதே முல்லைத்தீவின் தெற்கு எல்லைக்கு. கென்ற் பாம், டொலர் பாம் என்ற இரு பண்ணைகளில் மலையகத்தில் இருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு குடியேற்றப்பட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் மணலாறு என்ற அந்தப் பிரதேசம் வெலிஓயா என்று பெயர் மாற்றப்பட்டது.

அதன் பிறகு எல்லைக் கிராமத்துக் குடியேற்றவாசிகளின் கைகளுக்கு ஆயுதம் போனது. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் படைதிரட்டல், துணைப்படைகள் சட்டம் ஊர்காவற் படைக்குச் சட்டத் தகுதி கொடுத்தது. பொலிசாரின் மேற்பார்வையில், சிறிய கொடுப்பனவோடு, சொந்த ஊரில் இராக்காவல் நிற்பதே வேலை. பெரும்பாலும் சொட்கன். வடமத்திய மாகாணத்திலும் கிழக்கிலும் சிங்களக் கிராமத்தவர்களும், 1990க்குப் பின் முஸ்லிம் கிராமத்தவர்களும் இதில் சேர்ந்தார்கள். அவர்களிற் பலர் புலிகளின் தாக்குதலில் மாண்டார்கள். அயல் தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளிலும் ஊர்காவற் படையினரின் பெயர் அடிபட்டது. இரண்டையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

தமிழர் தரப்பிலும் இதற்கு ஈடானவை இருந்தன. 1989இல் வடக்கு-கிழக்கு மாகாண சபை, இந்திய அமைதிப்படையின் உதவியுடன் குடிமக்கள் தொண்டர் படையையும் தமிழ்த் தேசிய இராணுவத்தையும் கட்டியது. தெருவில் பிடித்துக் கொண்டுபோன இளைஞர்களே அதில் அதிகம். 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேற அது உடைந்து சிதறியது. அந்தத் தசாப்தத்தில் வவுனியாவில் புளொட், டெலோ இயக்கங்களின் உறுப்பினர்கள் இராணுவத்தோடு சேர்ந்து இயங்கினார்கள். புலிகளும் வன்னியில் பொதுமக்களைப் பயிற்றி எல்லைப்படை என்ற பெயரில் முன்னரங்குக்கு அனுப்பினார்கள். போர் நீள நீள, ஊர்க்காரரைப் பாதிப் படையாளாக்கும் வித்தை இருபக்கமும் பழகிப்போனது.

2006 செப்டெம்பரில் ஊர்காவற் படை பொலிசின் கையில் இருந்து எடுக்கப்பட்டு, வர்த்தமானி மூலம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. ஆட்பலம் 40,000ஐத் தாண்டியது. முதற் பணிப்பாளர் நாயகம் றியர் அட்மிரல் சரத் வீரசேகர. அடுத்து வந்தவர் றியர் அட்மிரல் ஆனந்த பீரிஸ். கடலில் சேவை செய்தவர்கள் கிராமக் காவலுக்குத் தலைமை ஏற்க எந்தத் தடையும் இருக்கவில்லை. அவர்களுடைய பழைய தரம் அப்படியே கூட வந்தது. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவேண்டும்.

தடுப்பில் இருந்து சம்பளப் பட்டியலுக்கு

போர் முடிந்ததும் இந்தத் திணைக்களத்துக்குக் காக்க எல்லை இல்லை. நாற்பதினாயிரம் பேருக்கு வேலை தேடவேண்டும். அதனால் பண்ணை, கட்டட வேலை, மரநடுகை என்று அது கைகளை விரித்தது. மறுபுறம் பூந்தோட்டம், அம்பேபுஸ்ஸ, கந்தக்காடு, சேனபுர போன்ற இடங்களில் புனர்வாழ்வு பெற்று 12,000 வரையான முன்னாள் போராளிகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீடு என்றாலும் பலருக்குத் தகரக் கொட்டில்தான். கடையோ கம்பனியோ ‘தடுப்பால வந்தவர்’ என்றதும் தயங்கும். காலில், கையில் காயம். வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஆமியும் புலனாய்வுக்காரரும். வன்னியில் 2012ஐ ஒட்டித் தொடங்கிய ஆட்சேர்ப்பு இந்த இரு தேவைகளும் சந்தித்த இடம்.

அதே 2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் நேரடியாக இராணுவத்துக்கே சேர்க்கப்பட்டார்கள். அலுவலக வேலை என்று நம்பிப் போனவர்கள் அவர்களுக்குள் இருந்ததாக அன்றே பேசப்பட்டது. டிசம்பரில் அவர்களில் சிலர் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த முயற்சி பெரிதாக வளரவில்லை. சி.எஸ்.டி. வளர்ந்தது. சீருடை இருந்தாலும் அதில் துவக்குத் தூக்கத் தேவையில்லை என்பதே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கான அதன் கூட்டுக் கட்டளையகம் விசுவமடுவில் இருந்தது. பொறுப்பில் இருந்தவர் இராணுவக் கேணல். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் நிலக்கடலை பிடுங்குவது, மரக்கறிக்குத் தண்ணீர் கட்டுவது, மாடு பார்ப்பது என்று தோட்டக் கூலியின் வேலை; மாதமுடிவில் வங்கிக்கு வருவதோ அரசாங்கச் சம்பளம். நாட்கூலி கிடைத்தால் உண்டு, மழை பெய்தால் இல்லை என்றிருந்த ஊரில் சம்பளச் சீட்டு ஒரு பெரிய சொத்து. அதைக் காட்டினால் வங்கியில் கடன் எடுக்கலாம், மோட்டார் சைக்கிள் எடுக்கலாம், அரைகுறையாக நிற்கும் வீட்டுக்குக் கூரை போடலாம். எடுத்த கடன் கட்டி முடியும் வரை வேலையை விடவும் ஏலாது. இந்தப் பிணைப்பை விளங்கிக்கொள்ள அரசியல் கோட்பாடு எதுவும் வேண்டாம்.

முன்பள்ளிகளின் கதை இன்னும் சிக்கலானது. இரு மாவட்டங்களிலும் நூற்றுக்கணக்கான முன்பள்ளி ஆசிரியைகள் சி.எஸ்.டி.க்குள் உள்வாங்கப்பட்டார்கள். மாகாண சபையின் கீழ் இருந்த ஆசிரியைக்கு மாதம் சில ஆயிரம் ரூபா, சி.எஸ்.டி. ஆசிரியைக்கு அதன் பல மடங்கு. ஒரே ஊரில் இரண்டு முன்பள்ளி, இரண்டு சம்பளம். பிள்ளைகளின் உடுப்பில் பாதுகாப்பு அமைச்சுத் திணைக்களம் ஒன்றின் சின்னம். அடையாளம் கொள்கை ஆய்வு நிலையம் 2017இல் வெளியிட்ட அறிக்கை இதை வன்னியின் ஆழமான இராணுவமயமாக்கல் என்று வகைப்படுத்தியது. அந்தக் கண்டனம் சரியானதே. ஆனாலும் ஒன்று கேட்கவேண்டும்: அந்த ஆசிரியைக்கு மாகாண சபை என்ன சம்பளம் வைத்திருந்தது? தமிழ் அரசியல் தரப்பு இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதை நான் காணவில்லை.

2018 ஜூனில் அந்தக் கேணல், ரத்னப்பிரிய பந்து, இடமாற்றம் பெற்றுப் போனபோது விசுவமடுவில் நடந்த பிரியாவிடைப் படங்கள் நாடெங்கும் பரவின. மாலைகளுக்குள் முகம் புதைந்த ஓர் இராணுவ அதிகாரியைத் தமிழ் ஆண்கள் தோளில் தூக்கிப் போகிறார்கள். பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். தென்னிலங்கைப் பத்திரிகைகள் நல்லிணக்கத்தின் வெற்றி என்று எழுதின. தமிழ்ப் பக்கம் துரோகம் என்றார்கள், நாடகம் என்றார்கள். அழுதவர்களிடம் நிதானமாகப் பேசிப் பார்த்திருந்தால் இரண்டு வியாக்கியானமும் நிலைத்திருக்காது. மரியாதையாகப் பேசிய, சம்பளத்தை உறுதியாக்கிய, அவசரத்துக்குப் போனால் கேட்கக்கூடிய ஓர் அதிகாரி போகிறார். அடுத்து வருபவர் எப்படியோ என்ற பயம் அந்தக் கண்ணீரில் பாதி. உரிமையாகக் கிடைக்க வேண்டியது ஓர் ஆளின் நல்ல மனதில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எண்ணப்படாத ஆண்டுகள்

ஆயுதம் ஏந்தியவர்களை அரச படைகளில் சேர்ப்பது உலகில் புதிதல்ல. தென்னாபிரிக்காவில் 1994இல் வெள்ளையர் அரசின் இராணுவமும் அதை எதிர்த்துப் போரிட்ட படைகளும் ஒரே தேசியப் படையாக்கப்பட்டன. பிலிப்பைன்சில் 1996 உடன்படிக்கை, மோரோ தேசிய விடுதலை முன்னணியின் 5,750 பேரை இராணுவத்திலும் 1,500 பேரைப் பொலிசிலும் சேர்க்க இடம் ஒதுக்கியது. நேபாளத்தில் ஐ.நா. சரிபார்த்த 19,000க்கு மேற்பட்ட மாவோவாதப் போராளிகளில் கடைசியில் இராணுவத்துக்குப் போனவர்கள் 1,400 அளவே. மிகப் பெரும்பாலோர் பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எங்கும் மனக்குறை இருந்தது. ஆனால் எங்கும் ஓர் எழுத்து ஒப்பந்தம் இருந்தது. எத்தனை பேர், எந்தத் தரம், என்ன பயிற்சி என்று மேசையில் பேசி முடித்தார்கள்.

வன்னியில் பேச மேசை இல்லை. ஒரு தரப்பு முற்றாகத் தோற்ற பின் நடந்த சேர்ப்பு இது. அதனால்தான் முன்னைய சேவை தகுதியாக எண்ணப்படாமல் குற்றப் பதிவாக நின்றது. இயக்கத்தில் மருத்துவப் பிரிவில் பத்து ஆண்டு வேலை பார்த்தவரும், கணக்கு நிர்வாகம் செய்தவரும், இயந்திரம் திருத்தியவரும் பண்ணையில் ஒரே வரிசையில் நின்றார்கள். முத்துக்குமாருவுக்கு 1934 முதல் எண்ணப்பட்டது. கடற்படை அட்மிரலுக்குக் கடலில் கழிந்த ஆண்டுகள் எண்ணப்பட்டன. இவர்களுக்கு எண்ணிக்கை புனர்வாழ்வுச் சான்றிதழில் இருந்துதான் தொடங்கியது.

காணியின் கணக்கும் உண்டு. 2019 ஜனவரியில் நாச்சிக்குடா, வெள்ளாங்குளம், உடையார்கட்டு ஆகிய இடங்களில் படையினர் வைத்திருந்த அரச பண்ணைக் காணிகள் விடுவிக்கப்பட்டன. காணி சிவில் நிர்வாகத்திடம் திரும்பியது. ஆனால் அத்தகைய பண்ணைகளில் வேலை செய்து பழகியவர்கள் பாதுகாப்பு அமைச்சின் ஆட்களாகவே இருந்தார்கள்.

செய்யக்கூடியது கடினமானதல்ல. முன்பள்ளி ஆசிரியைகளை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், பண்ணையில் நிற்பவர்களை விவசாய, கால்நடைத் திணைக்களங்களுக்கும், இப்போது பெறும் சம்பளம் ஒரு சதமும் குறையாமல் மாற்றவேண்டும், சி.எஸ்.டி.யில் கழிந்த ஆண்டுகளை ஓய்வூதியத்துக்குச் சேர்த்து எண்ணவேண்டும். சம்பளத்தைக் கைவிடாமல் சீருடையை மட்டும் கழற்ற வழி இருந்தால் பெரும்பாலானோர் நாளையே அதைக் கழற்றுவார்கள் என்பது என் கணிப்பு. அந்த வழியைத் திறக்காத வரை, சி.எஸ்.டி.க்குப் போனவர்களைக் குறைசொல்லும் தகுதி கொழும்புக்கும் இல்லை, யாழ்ப்பாணத்துக்கும் இல்லை.